மூன்று எலக்ட்ரான்கள்
குரோமியம்: ஒரு தனிமத்தின் வரலாறு – அத்தியாயம் 11

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனப் பரவி ராணிப்பேட்டை வரை நீளும் தோல் பதனிடும் வட்டாரத்துக்குள் குரோமியம் நுழைந்த வரலாற்றைச் சென்ற அத்தியாயங்கள் கூறின. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்டு, ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் சென்னைப் பெரியமேட்டின் வழியாகக் கப்பலேறிய சரக்குதான் நெடுங்காலம் அவ்வட்டாரத்தின் வாழ்வாதாரமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டிய பிறகும், பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் லெதர் தொழிற்சாலை குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயருக்கே காரணமான பிறகும், வட ஆர்க்காட்டுத் தோல் முதலாளிகளில் பெரும்பாலோர் பட்டையைக் கைவிட அவசரப்படவில்லை. 1970களில் பச்சைத் தோலையும் அரைப்பதத் தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இந்திய அரசு கட்டுப்பாடுகள் விதித்து, முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்யுமாறு தொழிலைத் திருப்பிய பின்னரே, ‘வெட் புளூ’ என்று தொழிலாளர்கள் அழைக்கும் நீலம் கலந்த ஈரத்தோல் ஆம்பூரின் அன்றாடக் காட்சியாயிற்று. அந்த நீலத்துக்குக் காரணமான அயனி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தோலுக்கும் சாயத்துக்கும் தொடர்பே இல்லாத ஓர் இயற்பியல் சோதனையின் மையத்தில் வந்து நின்றது என்பதும், அதன் எந்தப் பண்பு தோலைப் பதப்படுத்தியதோ அதே பண்புதான் அங்கும் அதைத் தேர்ந்தெடுக்கச் செய்தது என்பதும் இந்த அத்தியாயத்தின் பொருள்.

குரோமியம் அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்து மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட அயனியாகும்போது, அதன் 3d ஆர்பிட்டால்களில், அதாவது எலக்ட்ரான்கள் தங்கும் ஐந்து அறைகள் கொண்ட ஒரு தொகுதியில், மூன்று எலக்ட்ரான்கள் எஞ்சுகின்றன. இந்த அயனி தன்னைச் சுற்றி ஆறு அணுக்களை எண்முகியின் ஆறு மூலைகளில் நிறுத்திக்கொள்ள விரும்புகிறது. அவ்வாறு சூழப்பட்டதும், ஐந்து அறைகளும் ஒரே ஆற்றலில் இருப்பதில்லை. மூன்று தாழ்ந்தும் இரண்டு உயர்ந்தும் பிரிகின்றன. தாழ்ந்த மூன்றில் ஆளுக்கொன்றாக மூன்று எலக்ட்ரான்களும் அமர்ந்துகொள்வதால், கிடைக்கும் ஆற்றல் ஆதாயம் முழுமையாகக் கிடைக்கிறது, உயர்ந்த இரண்டும் வெறுமையாக நிற்கின்றன. வெண்ணொளியின் ஒரு பகுதியை உறிஞ்சி எலக்ட்ரான் தாழ்ந்த அறையிலிருந்து உயர்ந்த அறைக்குத் தாவுவதால்தான் ஈரத்தோல் நீலமாகத் தெரிகிறது. அலுமினியம் ஆக்சைடுப் படிகத்தில் இதே அயனி சிக்கும்போது பிரிவின் அளவு மாறுவதால் அது மாணிக்கத்தின் சிவப்பாகிறது. ஆகவே ஆற்றல் மட்டங்களின் பிரிவு என்பது ஆய்வுக்கூடக் கருவிக்கு மட்டும் புலப்படும் நுட்பமான செய்தி அன்று, ஆம்பூரில் டிரம்மிலிருந்து இறக்கப்படும் ஒவ்வொரு தோலிலும் அது வெறும் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த அமைப்பின் இன்னொரு விளைவு மந்தம். நீரில் கரைந்த குரோமியம் அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறு ஒன்றை விட்டு வேறொன்றை ஏற்பதற்குச் சராசரியாகச் சில நாட்கள் பிடிக்கின்றன. அலுமினியம் அயனிக்கு அதே வேலை ஒரு நொடியளவில் முடிந்துவிடுகிறது. படிகாரம் கொண்டு பதனிட்ட தோல் நீர்பட்டால் மீண்டும் பச்சைத் தோலின் தன்மைக்குத் திரும்பிவிடுவதும், குரோம் தோல் கொதிநீரையும் தாங்குவதும் இந்த வேறுபாட்டால்தான். அமிலம் ஏற்றிய தோலில், கார அமிலக் குறியீடு மூன்றை ஒட்டி இருக்கும்போது, தோல் நாரின் புரதமான கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் மின்னேற்றமின்றி இருப்பதால் குரோமியம் எங்கும் பிணையாமல் உள்ளே ஊடுருவுகிறது. பிறகு சோடியம் பைகார்பனேட் சேர்த்துக் குறியீட்டை நான்கை நோக்கி உயர்த்தியதும், அத்தொகுதிகள் மின்னேற்றம் பெற்று அயனியைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றிய பின் அது நகர்வதில்லை. பச்சைத் தோல் அறுபது டிகிரி செல்சியசை ஒட்டிச் சுருங்கத் தொடங்குகையில், நன்கு பதனிடப்பட்ட குரோம் தோல் நூறு டிகிரியைக் கடந்தும் சுருங்காமல் நிற்பதற்குக் காரணம் இந்தப் பிடிவாதமே.

எல்லாமே பற்றிக்கொள்வதும் இல்லை. வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலில் தங்க, மீதி கழிவுநீரில் போனது. பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்ததை 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. ராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை விட்டுச்சென்ற, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்படும் கழிவுமேடு வேறு வகையைச் சேர்ந்தது. அங்குள்ள ஆறு நேர்மின்னேற்ற நிலைக் குரோமியத்திடம் அந்த மூன்று எலக்ட்ரான்களும் இல்லை. ஆக்சிஜனுடன் சேர்ந்து எதிர்மின் அயனியாகித் தயக்கமின்றி நிலத்தடி நீரில் நகர்கிறது, உயிரணுக்களுக்குள்ளும் நுழைகிறது. ஒரே தனிமத்தின் இரு நிலைகளுக்கு இடையே இவ்வளவு தொலைவு இருப்பதை மறந்துவிட்டு, குரோமியம் என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டையும் சுட்டுவது பொது விவாதத்தில் இன்றும் குழப்பம் விளைவிக்கிறது.

சூழ்ந்துள்ள அணுக்கள் ஓர் அயனியின் ஆற்றல் மட்டங்களைப் பிரிக்கும் என்ற கருத்தை 1929இல் ஹான்ஸ் பேத்தே கணிதமாக வகுத்தார். ஜான் வான் விளெக் அதைக் காந்தப் பண்புகளுக்குப் பொருத்தினார். அக்கோட்பாடு சரியா என்பதைச் சோதிக்கத் தேவைப்பட்ட அளவீடுகளில் முக்கியமான ஒரு பகுதி, வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, இராமனின் துணைவராகக் கல்கத்தாவில் பெயர்பெற்ற கே. எஸ். கிருஷ்ணனிடமிருந்து வந்தது. டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் அவரும் அவருடைய மாணவர்களும் சிறு படிகத்தை நுண்ணிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதிலிருந்து, படிகத்தின் வெவ்வேறு திசைகளில் காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் கணித்தனர். கோபால்ட் போன்ற அயனிகளின் உப்புகளில் அவ்வேறுபாடு பெரிதாக இருக்கும், தாழ்ந்த மூன்று அறைகளையும் சமமாக நிரப்பிய குரோமியத்தில் மிகச் சிறிதாக இருக்கும் என்பது கோட்பாட்டின் முடிவு. குரோமியத்தின் காந்தத்தன்மை ஏறத்தாழ முழுவதும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியிலிருந்து, அதாவது ஒவ்வோர் எலக்ட்ரானையும் சின்னஞ்சிறு காந்தமாக்கும் உள்ளார்ந்த பண்பிலிருந்து, வருகிறது என்பது இதன் பொருள்.

கிருஷ்ணனின் பெயர் இந்த வரலாற்றில் இன்னொரு வகையிலும் இடம்பெற வேண்டியது. கல்கத்தாவுக்குத் திரும்பிய பின் அவர் கங்கூலியுடன் சேர்ந்து கிராஃபைட்டை ஆராய்ந்தார். அடுக்குகளுக்கு உள்ளே மின்சாரம் எளிதாகவும் அடுக்குகளுக்குக் குறுக்கே மிகக் கடினமாகவும் பாய்வதை 1939இல் வெளியிட்டார். கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்கள் பற்றிய அவர்களுடைய நீண்ட கட்டுரை 1941இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அடுக்குப் படிகத்தின் எலக்ட்ரான்கள் தளத்துக்குள் ஒரு வாழ்வும் தளத்துக்குக் குறுக்கே வேறொரு வாழ்வும் வாழ்கின்றன என்பதை அளந்து காட்டியவர்களின் முன்வரிசையில் அவர் நிற்கிறார் என்றாலும், இராமன் விளைவின் நிழலில் அந்தப் பணி பேசப்படாமலே போனது. அதுவே அவருடைய முதன்மைச் சாதனை என்று கருத இடமுண்டு.

கிராஃபைட்டைப் போலவே அடுக்கடுக்கானது பிஸ்மத் டெலூரைடு. டெலூரியம், பிஸ்மத், டெலூரியம், பிஸ்மத், டெலூரியம் என்ற ஐந்து அணுத்தளங்கள் வலுவான பிணைப்பால் ஒன்றாகி, ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள ஓர் ஐந்தடுக்காகின்றன. ஓர் ஐந்தடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே வான்டர்வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே உள்ளதால், ஒட்டும் நாடாவை ஒட்டி இழுத்தாலே படிகம் கண்ணாடி போன்ற புதுத்தளம் காட்டிப் பிரிகிறது. ஒவ்வொரு பிஸ்மத்தும் ஆறு டெலூரியங்களால் எண்முகியாகச் சூழப்பட்டிருக்கிறது என்ற விவரம் பின்னால் தேவைப்படும். 1954இல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட் இதன் வெப்பமின் பண்பைக் காட்டியதிலிருந்து சிறு குளிரூட்டிகளில் இது பயன்பட்டு வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிடந்த இப்படிகத்தின் மேற்பரப்பில் தேடத்தக்க எதுவும் உண்டென்று எவரும் நினைக்கவில்லை, தேடுமாறு தூண்டும் கோட்பாடும் அப்போது இல்லை.

அக்கோட்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. 1980இல் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் வலுவான காந்தப்புலத்தில் வைத்த மெல்லிய எலக்ட்ரான் தளத்தின் ஹால் மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்திலிருந்து கணக்கிடப்படும் மின்தடை, 25,813 ஓம் என்ற அடிப்படை மதிப்பின் முழுஎண் பின்னங்களாக மட்டுமே வருவதைக் கண்டார். மாதிரியின் வடிவமோ மாசோ அந்த எண்ணை மாற்றவில்லை. ஏனெனில் அது, பொருளைச் சிறிது சிறிதாக மாற்றினாலும் மாறாத, இடத்தியல் சார்ந்த ஒரு முழு எண்ணைச் சார்ந்தது என்று 1982இல் தௌலெசும் உடனாய்வாளர்களும் விளக்கினர். புறக் காந்தப்புலமே இல்லாமலும் இவ்விளைவு நிகழக்கூடும் என்று 1988இல் டங்கன் ஹால்டேன் ஒரு கற்பனைப் படிகத்தை வைத்துக் காட்டினார். 2005இல் கேனும் மெலேயும் தற்சுழற்சியைச் சேர்த்துக் கணக்கிட்டு, உள்ளே மின்காப்பாகவும் விளிம்பில் கடத்தியாகவும் இருக்கும் புதியதொரு பொருள்வகையை முன்மொழிந்தனர். 2007இல் வுர்ட்ஸ்பர்க்கில் மொலென்காம்ப் குழுவினர் மெர்குரி டெலூரைடுத் தகட்டில் அதை மெய்ப்பித்தனர். அடுத்த கட்டம் முப்பரிமாணம்.

இடத்தியல் மின்காப்பான் என்று பெயர்பெற்ற இவ்வகைப் பொருளின் எலக்ட்ரான் அமைப்பை விளங்கிக்கொள்ள, ஆற்றல் பட்டைகளிலிருந்து தொடங்க வேண்டும். படிகத்தில் எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டைக்கும் வெறுமையான கடத்துப் பட்டைக்கும் இடையே ஓர் ஆற்றல் இடைவெளி இருந்தால் அப்படிகம் மின்காப்பானாகவோ குறைகடத்தியாகவோ இருக்கும். பிஸ்மத் டெலூரைடின் குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்மத் செலினைடில் கடத்துப் பட்டை பிஸ்மத்தின் p ஆர்பிட்டால்களிலிருந்தும், இணைதிறன் பட்டை செலினியத்தின் p ஆர்பிட்டால்களிலிருந்தும் உருவாக வேண்டியவை. ஆனால் 83 புரோட்டான்கள் கொண்ட பிஸ்மத்தின் கனத்த அணுக்கருவருகே எலக்ட்ரான் மிக வேகமாக இயங்குவதால், அதன் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையிலான பிணைப்பு வலுத்து, பட்டைகளின் நடுப்பகுதியில் மேலிருக்க வேண்டியது கீழாகவும் கீழிருக்க வேண்டியது மேலாகவும் இடம் மாறிவிடுகின்றன. படிகத்துக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் இந்த இடமாற்றம் இல்லை. ஆகவே இரண்டும் சந்திக்கும் மேற்பரப்பில் பட்டைகள் மீண்டும் தம் இயல்பான வரிசைக்குத் திரும்ப ஒன்றையொன்று கடந்தே தீர வேண்டும். அந்தக் கடப்பு, ஆற்றலையும் உந்தத்தையும் வரைந்தால் நுனியோடு நுனி தொடும் இரு கூம்புகளாகத் தோன்றுகிறது. டிராக் கூம்பு எனப்படும் இந்நிலையில் எலக்ட்ரானின் தற்சுழற்சித் திசை அதன் இயக்கத் திசையோடு பூட்டப்பட்டிருப்பதால், காந்தத்தன்மையற்ற மாசில் மோதி அது நேர் பின்னோக்கித் திரும்ப இயலாது.

இதை 2009இல் ஷௌ-செங் ஜாங், ஃபாங் ஜோங் ஆகியோரின் குழுவினர் பிஸ்மத் செலினைடு, பிஸ்மத் டெலூரைடு, ஆன்டிமனி டெலூரைடு ஆகிய மூன்றுக்கும் கணக்கிட்டு வெளியிட்ட அதே ஆண்டில், பிரின்ஸ்டனில் ஜாகித் ஹசன் குழு செலினைடிலும், ஸ்டான்ஃபோர்டில் ஷென் குழு டெலூரைடிலும் அந்தக் கூம்பை நேரடியாகப் படம்பிடித்தன. உயர் வெற்றிடத்தில் படிகத்தைப் பிளந்து, புதுத்தளத்தின்மீது ஒளியைப் பாய்ச்சி, வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளப்பதே அவர்கள் கையாண்ட முறை. (ஹசன் டாக்காவில் பிறந்தவர் என்பதும், கிருஷ்ணன் குவார்ட்ஸ் இழையில் படிகங்களைத் தொங்கவிட்டது அதே நகரில் என்பதும் தற்செயலே.) புகழ் கோட்பாட்டாளர்களுக்கும் ஒளிமின் அளவீட்டாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் படிகம் வளர்த்துக் கொடுத்த வேதியியலாளர்கள் இல்லாமல் அந்த ஆண்டின் படங்கள் எவையும் சாத்தியமாகியிருக்கா. பிரின்ஸ்டனில் ராபர்ட் காவாவின் கூடமும் ஸ்டான்ஃபோர்டில் இயன் ஃபிஷரின் கூடமும் செய்த அப்பணியே இத்துறையின் உண்மையான இடர்களை முதலில் சந்தித்தது.

படிகம் வளர்க்கும் முறை பார்வைக்கு எளியது. தூய பிஸ்மத்தையும் செலினியத்தையும் இரண்டுக்கு மூன்று என்ற அணுவிகிதத்தில் நிறுத்து, குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை அகற்றி, குழாயின் வாயை உருக்கி மூடுகின்றனர். உலையில் எண்ணூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கி, பின்னர் மணிக்குச் சில டிகிரி வீதம் குளிரவிடுகின்றனர். பிஸ்மத் செலினைடு எழுநூறு டிகிரியை ஒட்டியும் டெலூரைடு 585 டிகிரியிலும் உறைவதால் சாதாரண உலையே போதும். புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இம்முறையில் இக்குடும்பத்துப் படிகங்கள் பல வளர்க்கப்பட்டுள்ளன. அவ்வாய்வகத்தின் முதல் இயக்குநர் கிருஷ்ணனே. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் செலினியத்துக்குப் பதிலாகச் சிறிது சிறிதாக டெலூரியம் சேர்த்த ஒற்றைப் படிகங்கள் வளர்க்கப்பட்டு, காந்தப்புலத்தில் அவற்றின் மின்தடை ஆராயப்பட்டது. சிக்கல் செலினியம் ஆவியாகும் தன்மையில் இருக்கிறது. உருகிய நிலையில் அது சிறிதளவு தப்பிச்செல்ல, படிகத்தில் செலினியம் இல்லாத வெற்றிடங்கள் எஞ்சுகின்றன. ஒவ்வொரு வெற்றிடமும் இரண்டு எலக்ட்ரான்களை உள்ளே விட்டுச்செல்வதால், மின்காப்பானாக இருக்க வேண்டிய உடல் கடத்தியாகிவிடுகிறது, மேற்பரப்பின் மின்னோட்டம் அதில் மூழ்கிப்போகிறது. ஆன்டிமனி டெலூரைடில் நேர்மாறான குறை உண்டு. அங்கே டெலூரியத்தின் இடத்தில் ஆன்டிமனி அமர்ந்து எலக்ட்ரான் பற்றாக்குறையை ஏற்படுத்துகிறது. எனவே செலினைடில் கால்சியத்தைச் சிறிது சேர்த்தும், டெலூரைடில் வெள்ளீயத்தைச் சேர்த்தும், இறுதியில் பிஸ்மத்தையும் ஆன்டிமனியையும் கலந்து ஒன்றின் மிகையை மற்றதன் குறையால் ஈடுகட்டியும், படிகத்தை அதன் பெயருக்கு ஏற்ற மின்காப்பானாக்கச் சில ஆண்டுகள் செலவாயின.

ஹால்டேனின் 1988ஆம் ஆண்டு எதிர்பார்ப்பை நிறைவேற்ற, இவ்வகைப் படிகத்துக்குக் காந்தத்தன்மை ஊட்ட வேண்டியிருந்தது. அதுவும் கூடுதலாக ஓர் எலக்ட்ரானைக் கூடத் தராமலும் எடுக்காமலும் ஊட்ட வேண்டியிருந்தது. மாங்கனீசு இரண்டு நேர்மின்னேற்ற நிலையில் அமர்வதால் ஒவ்வோர் அணுவும் கணக்கைக் குலைக்கும். குரோமியம் குலைப்பதில்லை. பிஸ்மத்தும் ஆன்டிமனியும் மூன்று நேர்மின்னேற்றம் உடையவை, எண்முகிச் சூழலில் இருப்பவை. மூன்று நேர்மின்னேற்றத்தோடு எண்முகியைத் தேடும் குரோமியம் அவற்றின் இடத்தில் அமர்ந்து, தன் மூன்று d எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை மட்டும் கொண்டுவருகிறது. கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளிடையே அதை நிலைநிறுத்திய அமைப்பே டெலூரியத் தளங்களிடையேயும் அதை நிலைநிறுத்தியது. 2010இல் ரூய் யு முதலானோர் குரோமியத்தையோ இரும்பையோ இவ்வாறு சேர்த்தால் கட்டற்ற எலக்ட்ரான்கள் இல்லாமலே காந்த ஒழுங்கு தோன்றும் என்று கணித்தனர். தலைகீழான பட்டைகளுக்கு இயல்பாகவே உள்ள பெரிய காந்த ஏற்புத்திறனை, அதாவது வான் விளெக் 1930களில் விளக்கிய வகைக் காந்தத்தன்மையை, அவர்கள் அதற்குக் காரணமாகக் காட்டினர். அந்த விளக்கம் ஒன்றே போதுமா என்பது பின்னர் விவாதத்துக்கு உள்ளாயிற்று.

2013இல் பெய்ஜிங்கின் ஷிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஷ்யூ சிகுன் தலைமையிலான குழு ஹால்டேனின் எதிர்பார்ப்பை மெய்ப்பித்தது. உருக்கி வளர்க்கும் படிகத்துக்குப் பதிலாக, உயர் வெற்றிடத்தில் தனித்தனிக் கலங்களிலிருந்து அணுக்கற்றைகளை வீசி, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தகட்டின்மீது ஐந்தே ஐந்தடுக்குத் தடிப்புள்ள மென்படலத்தை அவர்கள் வளர்த்தனர். உலோக அணுக்களின் இடங்களில் நூற்றுக்கு ஏழெட்டு குரோமியம். 30 மில்லிகெல்வின் வெப்பநிலையில், புறக் காந்தப்புலம் நீக்கப்பட்ட நிலையில், ஹால் மின்தடை 25.8 கிலோ ஓம் என்ற முழுமதிப்பை எட்டியது. மின்னோட்டத் திசையிலான மின்தடை மட்டும் முற்றிலும் மறையவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவரான ஜகதீஷ் மூதேரா எம்.ஐ.டி.யில் வழிநடத்திய குழு, குரோமியத்துக்குப் பதிலாக வனேடியம் சேர்த்த படலத்தில் அந்தக் குறையையும் பெருமளவு நீக்கியது.

காந்த ஒழுங்கு பதினைந்து கெல்வினை ஒட்டித் தோன்றும் படலத்தில் இவ்விளைவு ஏன் அதன் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வெப்பநிலையில் மட்டும் முழுமை பெறுகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த விடையில் தோல் தொழிலாளருக்குப் பழக்கமான ஒரு குறை இருக்கிறது: குரோமியம் சீராகப் பரவவில்லை. மேற்பரப்பை அணு அணுவாகத் துழாவும் நுண்ணோக்கியில் பார்த்தபோது, குரோமியம் செறிந்த இடத்தில் ஆற்றல் இடைவெளி பெரிதாகவும் அருகிய இடத்தில் சிறிதாகவும் இருந்தது. படலம் முழுவதுக்குமான விளைவை மிகச் சிறிய இடைவெளிகளே கட்டுப்படுத்தின. இயற்பியலாளர் டோக்குராவின் குழு குரோமியத்தைப் படலம் முழுவதும் தூவாமல் குறித்த அடுக்குகளில் மட்டும் செறித்துப் பார்த்து, தாங்கும் வெப்பநிலையைக் கணிசமாக உயர்த்தியது. மின்தடை அளவியலாளர்களுக்கு அந்த முன்னேற்றம் போதுமானதாக இருந்தது; 2022இல் ஜப்பானில் ஒகாசாகி முதலானோர், பெரிய மீக்கடத்திக் காந்தமின்றிச் சிறிய நிலைக்காந்தம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குரோமியம் சேர்த்த படலத்தின் ஹால் மின்தடை நூறு கோடியில் பத்துப் பங்கு அளவுக்குத் துல்லியமானது என்று காட்டினர்.

இதற்கிடையே குரோமியத்துக்குப் போட்டியாக, முன்பு தள்ளிவைக்கப்பட்ட மாங்கனீசே திரும்பி வந்தது. 2019இல் விவரிக்கப்பட்ட மாங்கனீசு பிஸ்மத் டெலூரைடில் மாங்கனீசு ஆங்காங்கே தூவப்பட்ட மாசாக இல்லாமல், ஏழு அணுத்தளங்கள் சேர்ந்த ஏழடுக்கின் நடுவே தனக்கென ஒரு தளத்தைக் கொண்டிருப்பதால் மின்னேற்றக் கணக்கும் குலைவதில்லை. 2020இல் இப்படிகத்திலிருந்து உரித்தெடுத்த, ஐந்து ஏழடுக்குகள் கொண்ட செதிலில் 1.4 கெல்வினில் ஹால் மின்தடை முழுமதிப்பை நெருங்கியது. ஆனால் இப்படிகம் திண்மமாக உறையும் வெப்பநிலை வரம்பு மிகக் குறுகியது, வளரும்போதே மாங்கனீசில் ஒரு பங்கு பிஸ்மத்தின் தளத்திலும் பிஸ்மத்தில் ஒரு பங்கு மாங்கனீசின் தளத்திலும் இடம் மாறி அமர்ந்துவிடுகின்றன, ஒரே வார்ப்பிலிருந்து எடுத்த செதில்கள்கூட ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. அந்த இடமாற்றத்தைக் குறைக்கும் முயற்சிகளும், குரோமியத்தையும் வனேடியத்தையும் ஒரே படலத்தில் சேர்க்கும் முயற்சிகளும் அடுத்த அத்தியாயத்தில் இடம்பெறும்.